வண்டி நின்றால் ஏறியே ஆக வேண்டியதில்லை: தனியாக லிஃப்ட் கேட்டுப் போக நினைக்கும் பெண்ணுக்கு

கேள்வி இதுதான்: "எனக்கு 22 வயது. தனியாக ஊர் ஊராக, நாடு நாடாகச் சுற்ற வேண்டும், முடிந்தவரை லிஃப்ட் கேட்டே போக வேண்டும் என்று ஆசை. சொன்னாலே எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். ஒரு பெண் தனியாக இப்படிப் போக முடியுமா? போவதென்றால் எதையெல்லாம் தெரிந்துகொண்டு போக வேண்டும்?"

முடியும். பல நாட்டுப் பெண்கள் பல ஆண்டுகளாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்பவர்களை நீங்களும் நம்ப வேண்டாம். ஆணுக்கு இருப்பதைவிடக் கூடுதலான ஆபத்து உங்களுக்கு உண்டு. அதில் பெரும்பகுதி பாலியல் தொல்லை: அசிங்கமான கேள்வி, கியர் போடுகிற சாக்கில் தொடையில் படும் கை, "பணம் வேண்டாம், ஆனால்..." என்று தொடங்கும் பேரம். நிறைய லிஃப்ட் எடுத்தால் இவற்றில் ஒன்றையாவது சந்திப்பீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வன்முறை அரிது. ஆனால் நடந்திருக்கிறது, உயிரும் போயிருக்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு எடுக்கிற முடிவுதான் உங்கள் முடிவு.

நான் சொல்லப் போவதெல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: "வேண்டாம்" என்று சொல்கிற வசதி எந்தக் கட்டத்திலும் உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது. பொழுது மிச்சம் இருக்க வேண்டும், பஸ்ஸுக்குப் பணம் இருக்க வேண்டும், நிற்கும் இடத்தில் ஆள் நடமாட்டம் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால், வந்து நிற்கிற வண்டியைச் சிரித்த முகத்தோடு அனுப்பிவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கலாம். இருட்டிவிட்டது, கையில் காசில்லை, கடைசி பஸ்ஸும் போய்விட்டது என்றால் மனசுக்கு ஒப்பாத வண்டியில்கூட ஏறத்தான் தோன்றும்.

இதற்குக் கனடாவில் ஒரு கொடுமையான சாட்சி இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் பிரின்ஸ் ஜார்ஜுக்கும் பிரின்ஸ் ரூப்பர்ட்டுக்கும் நடுவே 16-ஆம் எண் நெடுஞ்சாலை சுமார் 720 கி.மீ. ஓடுகிறது. அந்த வழியில் பல பத்தாண்டுகளாகப் பெண்கள் காணாமல் போனார்கள், கொலையுண்டார்கள். பெரும்பாலானவர்கள் பழங்குடிப் பெண்கள். அதற்குக் 'கண்ணீர் நெடுஞ்சாலை' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவர்களில் பலர் சாகசத்துக்காக லிஃப்ட் கேட்டவர்கள் அல்லர். ஊருக்கும் ஊருக்கும் நடுவே போக்குவரத்து வசதி இல்லாததால் கேட்டவர்கள். 2006-ல் கூடிய மாநாடு கொடுத்த 33 பரிந்துரைகளில் பேருந்து வசதி முக்கியமானது. அந்தப் பேருந்து ஓடத் தொடங்கியது 2017-ல்தான். லிஃப்ட் உங்கள் விருப்பமாக இருக்கிற வரைக்கும் கேளுங்கள். அதைத் தவிர வேறு வழியில்லை என்கிற நிலைமைக்கு உங்களை நீங்களே கொண்டுபோய் நிறுத்திவிடாதீர்கள்.

அதனால் தயாரிப்பு பணத்தில் தொடங்குகிறது. அடுத்த பெரிய ஊர் வரை பஸ் அல்லது ரயில் கட்டணம், ஒரு இரவு நல்ல அறைக்கான வாடகை, இரண்டையும் ரொக்கமாக எடுத்துப் பர்ஸில் வைக்காமல் தனியாக, உடம்போடு ஒட்டிய உள்பையில் வையுங்கள். அதைத் தொடும் நாளில் உங்கள் லிஃப்ட் பயணம் முடிந்தது, மறுபடி நிரப்பிய பிறகுதான் அடுத்த லிஃப்ட். காசு மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் லிஃப்ட் கேட்பதாக இருந்தால் என் கருத்து, வேண்டாம். காசில்லாதவர் வண்டியை மறுக்க மாட்டார்.

அடுத்தது பொழுது. அன்றைக்குச் சூரியன் மறையும் நேரத்தைக் காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே சாலையை விட்டு விலகிவிட வேண்டும். பஸ்ஸில் ஐந்து மணி நேரத்தில் போகிற தூரத்துக்கு மேல் ஒரே நாளில் திட்டமிடாதீர்கள். காத்திருப்பது, வண்டி மாறுவது, ஊருக்குள் வந்து வெளியே போவது எல்லாம் சேர்ந்து அது எட்டு மணி நேரமாக நீளும். காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் மூன்று மணிக்குப் போய்ச் சேரலாம். மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்குகிறவர்தான் நடுவழியில் இருட்டில் மாட்டுகிறார்.

பை விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. 40 லிட்டர் பை, எட்டு கிலோவுக்குள் எடை. காரில் உட்காரும்போது மடியிலோ காலுக்கு நடுவிலோ வைத்துக்கொள்ள முடிகிற அளவு. பை டிக்கிக்குள் போனால், இறங்க நினைக்கும்போது இறங்க முடியாது. பை வண்டியோடு போய்விடும் என்ற பயமே உங்களை உட்கார வைத்துவிடும். 1889-ல் கிளம்பி 72 நாளில் உலகத்தைச் சுற்றிவந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் நெல்லி பிளை எடுத்துப் போனது சுமார் 40 செ.மீ. அகலமுள்ள ஒரே ஒரு கைப்பையைத்தான். பாஸ்போர்ட், போன், பணம், விசில் இவை இடுப்புப்பையில் இருக்கட்டும், கழிப்பறைக்குப் போனாலும் அதைக் கழற்ற வேண்டாம். 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்று போதும். உடையைப் பொறுத்தவரை, உடுப்பினால்தான் தொல்லை வருகிறது என்று சொல்பவர்கள் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம். ஓட முடிகிற காலணி, கால் முழுக்க மூடும் பேன்ட், தூரத்திலிருந்தே தெரிகிற நிறத்தில் மேல்சட்டை என்று யோசித்தால் போதும்.

வீட்டிலிருந்தோ நண்பர்களிலோ ஒருவர் உங்கள் காவலாள். "அப்பப்போ மெசேஜ் போடறேன்" என்பது காவல் ஆகாது. எத்தனை மணிக்குச் செய்தி வரும், வராவிட்டால் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, மாலை 6 மணிக்குள் 'சேர்ந்துவிட்டேன்' வர வேண்டும். வராவிட்டால் 7 மணிக்கு அவர் கூப்பிடுவார். எடுக்காவிட்டால் 8 மணிக்கு, கடைசியாகத் தங்கிய விடுதிக்கும் அந்த ஊர்க் காவல்துறைக்கும் பேசுவார். அதற்கு அவர் கையில் உங்கள் பாஸ்போர்ட் நகல், அன்று காலை எடுத்த முழு உருவப் படம் (என்ன உடை என்று தெரிய), அந்த நாட்டிலுள்ள உங்கள் தூதரக எண், கடைசியாக ஏறிய வண்டியின் நம்பர் இவை இருக்க வேண்டும். வாட்ஸ்அப் லைவ் லொகேஷன் அதிகபட்சம் 8 மணி நேரம்தான் ஓடும். காலையில் போட்டது மாலையில் தானாக நின்றிருக்கும். நின்றது ஆபத்தினாலா, நேரம் முடிந்ததாலா என்று தெரியாமல் அவர் தவிப்பார். மதியச் சாப்பாட்டின்போது புதுப்பித்துவிடுங்கள்.

போனில் அவசர அழைப்பு எப்படி வேலை செய்கிறது என்று கிளம்பும் முன்பே பாருங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனை வேகமாக ஐந்து முறை அழுத்தினால் அழைப்பு போகும்; ஐபோனில் பக்கவாட்டுப் பட்டனையும் ஒலிப் பட்டனையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பார்க்காமலே, பாக்கெட்டுக்குள் கையை வைத்தபடி பழகிக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 112. அமெரிக்கா, கனடாவில் 911. ஆஸ்திரேலியாவில் 000. நியூசிலாந்தில் 111. சிம் இல்லாத போனிலும் 112 போகும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், எல்லா நாட்டிலும் போகாது. ஜெர்மனியில் 2009 முதல் சிம் இருந்தால்தான் அழைப்பு போகும். எல்லை தாண்டியதும் உள்ளூர் சிம் போட்டுவிடுங்கள். வரைபடத்தை இணையம் இல்லாமல் பார்க்கும்படி இறக்கி வையுங்கள்.

இனி நிற்கும் இடம். இதில் பாதி பேர் தப்புச் செய்கிறார்கள். 90 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு விநாடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. 100 மீட்டர் தள்ளி உங்களைப் பார்த்தால் அவருக்கு இருப்பது நான்கே விநாடி. அதற்குள் பார்க்க வேண்டும், முடிவெடுக்க வேண்டும், கண்ணாடியில் பின்னால் பார்க்க வேண்டும், பிரேக் போட வேண்டும். காய்ந்த சாலையில் அந்த வேகத்திலிருந்து நிற்கவே ஏறக்குறைய 70 மீட்டர் தேவை. நல்லவர் யோசித்து முடிப்பதற்குள் உங்களைக் கடந்துவிடுவார். அந்த வேகத்திலும் சட்டென்று நிறுத்துபவர் முகத்தைப் பார்த்து நிறுத்துகிறாரா, பெண் என்பதைப் பார்த்து நிறுத்துகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 50 கி.மீ. வேகத்தில் அதே 100 மீட்டருக்கு ஏழு விநாடி கிடைக்கும். ஊர் முடிந்து சாலை விரியும் இடம், ரவுண்டானா தாண்டி, சிக்னலுக்குச் சற்றுப் பின், இவைதான் சரியான இடங்கள். உங்களுக்கு முன்னால் இரண்டு கார் நீளத்துக்கு ஒதுங்கி நிற்க இடம் வேண்டும். வளைவும் பாலமும் வேண்டவே வேண்டாம். ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகளில் அதிவேகச் சாலைக்குள் நடந்து போவதே குற்றம். நுழைவுப் பாதையில், அதிவேகச் சாலை தொடங்குகிறது என்று காட்டும் நீலப் பலகைக்கோ பச்சைப் பலகைக்கோ முன்னாலேயே நின்றுகொள்ள வேண்டும்.

கட்டை விரலை எல்லா ஊரிலும் நீட்ட முடியாது. ஈரானில் அது கெட்ட வார்த்தைக்குச் சமம் என்று பழைய தலைமுறை எடுத்துக்கொள்ளும். உள்ளங்கையைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்து மெல்ல அசைப்பது அங்கே புரியும். இஸ்ரேலில் ஆள்காட்டி விரலால் சாலையைச் சுட்டுகிறார்கள். ஊர்ப் பெயர் எழுதிய அட்டை வேகமாக வண்டி பிடித்துத் தரும். ஆனாலும் தனியாக நிற்கும் பெண் அதைத் தவிர்ப்பது நல்லது. நீங்கள் போகும் ஊர் எது என்று அட்டையே சொல்லிவிட்டால், தப்பான எண்ணத்தோடு நிறுத்துகிறவர் "நானும் அங்கேதான்" என்பார். சாலையின் எண்ணை மட்டும் எழுதினால் போதும்.

சாலையோரத்தைவிடப் பெட்ரோல் பங்க் பல மடங்கு மேல். சாலையோரத்தில் ஓட்டுநர் உங்களைத் தேர்ந்தெடுக்கிறார். பங்க்கில் நீங்கள் அவரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். கேமரா இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, பக்கத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள். கடைவாசலுக்குப் பக்கத்தில் நின்று பத்து நிமிஷம் யாரிடமும் கேட்காமல் பாருங்கள். குடும்பத்தோடு வருகிறவர்கள், பெண் ஓட்டுநர்கள், வயதான தம்பதிகள், நம்பர் பிளேட்டில் நீங்கள் போகும் பக்கத்து ஊரின் எழுத்து இருக்கும் வண்டிகள். பணம் கட்டிவிட்டு வெளியே வருபவரை அணுகுங்கள், பெட்ரோல் போட்டுக்கொண்டு இருப்பவரை அல்ல.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "நான் இன்ன ஊருக்குப் போகணும், கூட்டிட்டுப் போறீங்களா?" என்று தொடங்காதீர்கள். "வணக்கம், நீங்க எந்தப் பக்கம் போறீங்க?" என்று மட்டும் கேளுங்கள். அவர் பதில் சொல்லும் அந்த ஐந்தாறு விநாடிதான் உங்கள் சோதனை நேரம். ஊர்ப் பெயரைத் தயங்காமல் சொல்கிறாரா? "நீ எங்கே போகணும்?" என்று திருப்பிக் கேட்கிறாரா? கண் உங்கள் முகத்தில் இருக்கிறதா, கீழே இறங்குகிறதா? பேசும்போது சாராய வாடை வருகிறதா? மனசுக்குப் பிடிக்கவில்லையா, அவர் எந்த ஊரைச் சொன்னாலும் "அடடா, நான் எதிர்ப்பக்கம் போறேன். நன்றி" என்று முடித்துவிடலாம். காரணம் சொல்ல வேண்டாம், சண்டை இல்லை, அவர் முகமும் சுளிக்காது. சாலையோரத்தில் நிறுத்துபவரிடமும் இதே கேள்விதான், பயணிப் பக்க ஜன்னல் வழியாக, கதவைத் தொடாமல், தலையை உள்ளே விடாமல்.

ஏறுவதற்கு முன் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. வண்டிக்குள் இரண்டு ஆண்களோ அதற்கு மேலோ இருந்தால் ஏற வேண்டாம், எவ்வளவு நல்லவர்களாகத் தெரிந்தாலும். உங்களைத் தாண்டிப் போய் யூடர்ன் அடித்துத் திரும்பி வந்த வண்டி வேண்டாம். இரண்டே கதவுள்ள காரின் பின்சீட் வேண்டவே வேண்டாம். சைல்டு லாக் என்கிற குழந்தைப் பூட்டு பின்கதவுகளில்தான் இருக்கும். அது போட்டிருந்தால் உள்ளிருந்து திறக்க வராது. ஆகவே தனி ஓட்டுநர் என்றால் முன்சீட். உட்கார்ந்து கதவைச் சாத்தும் முன், உள்கைப்பிடி இருக்கிறதா, இழுபடுகிறதா என்று கையாலேயே ஒரு முறை பாருங்கள். பணம் கேட்பாரா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். மத்திய ஆசிய நாடுகளில் கைகாட்டி ஏறுபவர் ஓட்டுநருக்குப் பணம் கொடுப்பதுதான் நடைமுறை. இலவசம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டு, அவர் வேறு எதையாவது நினைத்துக்கொண்டால் இறங்கும் இடத்தில் வம்பு. "என்னிடம் பணம் இல்லை, இலவசமாக ஏற்றிக்கொள்வீர்களா?" என்பதை உள்ளூர் மொழியில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "இலவசம், ஆனால்..." என்ற இழுவை வந்தால் கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது.

நம்பர் பிளேட்டை ஒளிந்து எடுக்காதீர்கள். வண்டிக்கு முன்னால் நின்று, அவர் பார்க்கும்படி எடுங்கள். "அம்மாவுக்கு அனுப்பணும், இல்லாட்டி தூங்க மாட்டாங்க" என்று சொல்லி, வாய்ஸ் மெசேஜாக வண்டியின் நிறம், ஊர், அவர் பெயர் எல்லாவற்றையும் அவர் காதுபடச் சொல்லுங்கள். நல்லவர் சிரிப்பார், பல பேர் தங்கள் போன் நம்பரையே கொடுப்பார்கள். எரிச்சல்படுகிறவரின் வண்டியில் ஏறாதீர்கள். தடயம் இருக்கிறது என்று தெரிவதுதான் இதில் பாதுகாப்பு. கியூபாவில் 1990-களின் எரிபொருள் பஞ்சத்தில் அரசே இதைச் செய்தது: மஞ்சள் சீருடை ஊழியர் சாலையில் நின்று அரசு வண்டிகளை நிறுத்தி, போகும் ஊரைக் கேட்டு, காத்திருப்பவர்களை ஏற்றிவிடுவார். யார் எந்த வண்டியில் ஏறினார் என்பதற்கு அங்கே ஒரு சாட்சி இருந்தது. நீங்கள் அந்தச் சாட்சியைப் போனில் உருவாக்கிக்கொள்கிறீர்கள்.

உள்ளே உட்கார்ந்ததும் சீட் பெல்ட். உங்கள் உயிருக்கு ஆபத்து கெட்ட எண்ணத்தால் மட்டும் வருவதில்லை, சாலை விபத்தாலும் வரும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் சாலை விபத்தில் இறக்கிறார்கள். கொட்டாவி, சாலைக் கோட்டைத் தாண்டி விலகும் சக்கரம், ஓட்டிக்கொண்டே போனில் தட்டுவது, இவற்றைப் பார்த்தால் அடுத்த பங்க்கிலேயே இறங்கிவிடுங்கள். வண்டியில் நீங்களும் தூங்கக் கூடாது, அவர் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் சரி. அவர் ஏற்கெனவே திறந்து வைத்த பானத்தைக் குடிக்க வேண்டாம். வரைபடம் எப்போதும் உங்கள் மடியில் திறந்திருக்கட்டும், அவர் கண்ணில் படட்டும். முதன்மைச் சாலையை விட்டு வண்டி திரும்பினால் அந்த நொடியே, சாதாரணக் குரலில், "இந்தப் பக்கம் எதுக்கு?" என்று கேளுங்கள். ஒரு கி.மீ. போன பிறகு கேட்டால் தாமதம்.

பேச்சைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்: அவர் வேலை, பிள்ளைகள், அந்த ஊர்ச் சாலை. "கல்யாணம் ஆயிடுச்சா, காதலன் இருக்கானா" என்பது பல இடங்களில் வெறும் ஊர்விசாரணைதான், "ஆமாம், அவர் அங்கே காத்திருக்கிறார்" என்றால் முடிந்துவிடும். பொய் சொன்னால் சின்னதாக, ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். பெரிய கதை நடுவழியில் முரண்படும். ஆனால் பேச்சு உடம்பைப் பற்றித் திரும்பினால் சிரித்து மழுப்பாதீர்கள். சிரிப்பைச் சம்மதமாக எடுத்துக்கொள்பவர்தான் அப்படிப் பேசத் தொடங்குகிறார். முகத்தில் சிரிப்பில்லாமல், குரலை உயர்த்தாமல், "இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கலை" என்று ஒரே வாக்கியம். பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். இரண்டாவது முறை வந்தாலோ கை பட்டாலோ விளக்கம் வேண்டாம்: "வண்டியை நிறுத்துங்க. இங்கேயே இறங்கறேன்." குரலில் கெஞ்சல் வரக் கூடாது.

நிறுத்தவில்லை என்றால்? "வாந்தி வருது" என்று வாயைப் பொத்துங்கள். தன் சீட்டில் வாந்தி விழுவதை யாரும் விரும்புவதில்லை, இது ஆச்சரியப்படும் அளவுக்கு வேலை செய்கிறது. கூடவே போனை எடுத்து ஸ்பீக்கரில் உங்கள் காவலாளை அழைத்து வண்டி நம்பரைச் சத்தமாகச் சொல்லுங்கள், அல்லது அவசர எண்ணை அழையுங்கள். ஓடும் வண்டியிலிருந்து குதிக்க வேண்டாம். சிக்னல், சுங்கச்சாவடி, வேகத்தடை என்று வண்டி ஏறக்குறைய நிற்கும் இடம் வரும். பெல்ட்டைக் கழற்றி, பையின் வாரைக் கையில் சுற்றி, கைப்பிடியில் விரலை வைத்துக் காத்திருங்கள். சில கார்களில் பூட்டு விடுபட ஒரு முறை, கதவு திறக்க இன்னொரு முறை என்று கைப்பிடியை இரண்டு முறை இழுக்க வேண்டும். பையை எடுக்க முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். இறங்கியதும் வண்டி வந்த திசையில், அதாவது பின்னோக்கி ஓடுங்கள். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வர நேரமாகும். மிளகு ஸ்பிரேயை நான் பரிந்துரைப்பதில்லை. மூடிய காருக்குள் அடித்தால் உங்கள் கண்ணும் சேர்ந்து எரியும், ஓட்டிக்கொண்டிருப்பவரின் கண் போனால் வண்டியும் போகும். பிரிட்டன் போன்ற நாடுகளில் அதை வைத்திருப்பதே குற்றம். இழுத்தால் அலறும் கையடக்க அலாரம் நல்லது.

லாரிகளைப் பற்றிப் பயம் அதிகம். லாரிக்கென்று தனிச் சிக்கல் ஒன்றுதான்: கேபினுக்குப் பின்னால் படுக்கை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும், ஒரு நாளில் பொதுவாக 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்ட முடியாது. எனவே ஏறும் முன் "இன்னும் எத்தனை மணி நேரம் ஓட்டலாம், ராத்திரி எங்கே நிறுத்துவீங்க?" என்று கேளுங்கள். அவர் நேரம் முடியும் இடம் நடுவழி வாகன நிறுத்தம் என்றால் அதற்கு முந்தைய ஊரிலேயே இறங்கிவிடுங்கள். "மேல் படுக்கை காலியாத்தான் இருக்கு" என்பது உண்மையான உதவியாகவே இருக்கலாம். ஆனாலும் இரவு அங்கே தங்கினால், மறுக்கும் வசதி போய்விடும்.

எல்லைகளைக் கடக்கும்போது இன்னொருவர் வண்டியில் உட்கார்ந்து கடக்காதீர்கள். டிக்கியில் போதைப்பொருள் இருந்தால் நீங்களும் பதில் சொல்ல வேண்டும். சோதனைச்சாவடிக்கு முன்னால் இறங்கி, உங்கள் பையோடு நடந்து கடந்து, மறுபக்கம் புது வண்டி. நடந்து கடக்க அனுமதியில்லாத எல்லையில் பஸ்.

ஊர் வந்ததும் விடுதி வாசலில் இறங்காதீர்கள். இரண்டு தெரு தள்ளி, கூட்டமான இடத்தில் இறங்கி, வண்டி போன பிறகு நடங்கள். தங்கும் இடத்தின் பெயர் அவருக்குத் தெரியவே கூடாது. படங்களை அந்த ஊரை விட்டுக் கிளம்பிய பிறகு பதிவிடுங்கள். அறைக்குள் ரப்பரால் ஆன கதவு ஆப்பு ஒன்று போட்டால் உள்நோக்கித் திறக்கும் கதவு லேசில் நகராது. முன்பின் தெரியாதவர் வீட்டில் தங்குவதாக இருந்தால், அங்கே தனியாகத் தங்கிய பெண்கள் எழுதிய குறிப்புகளை மட்டும் படியுங்கள். ஆண்கள் எழுதியது உங்களுக்கு எதையும் சொல்லாது.

மாதவிடாய் நாட்களில் கழிப்பறை கிடைக்குமா என்று தெரியாத சாலைக்கு மாதவிடாய் கப் வசதி. 12 மணி நேரம் வரை வைத்திருக்கலாம், டாம்பூன் (உள்ளே வைக்கும் பஞ்சுச் சுருள்) என்றால் எட்டு மணி நேரம்தான். கழிப்பறை இல்லையே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்றில் படுத்துவிடுபவர்கள் உண்டு. தண்ணீரைக் குறைக்காதீர்கள், நிறுத்தங்களைக் கூட்டுங்கள்.

இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வன்புணர்வு நடந்துவிட்டால் முதலில் பாதுகாப்பான இடம், அடுத்தது மருத்துவமனை. முடிந்தால் அதற்கு முன் குளிக்க வேண்டாம், போட்டிருந்த உடைகளைப் பிளாஸ்டிக்கில் போடாமல் காகிதப் பையில் வையுங்கள், தடயம் கெடாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அவசரக் கர்ப்பத் தடுப்பு மாத்திரைகளில் லெவோநோர்ஜெஸ்ட்ரல் 72 மணி நேரத்துக்குள்ளும் யூலிப்ரிஸ்டல் 120 மணி நேரத்துக்குள்ளும். புகார் கொடுப்பதா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம், மருத்துவம் காத்திருக்காது. தூதரகம் மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் மொழி தெரிந்த ஆளை ஏற்பாடு செய்ய உதவும். லிஃப்ட் கேட்டது உங்கள் குற்றம் என்று யார் சொன்னாலும், சொல்பவர் காவலரே ஆனாலும், அது உண்மை இல்லை.

தொடங்குவது எப்படி? முதல் சில பயணங்களை இன்னொரு பெண்ணோடோ நம்பிக்கையான ஆண் நண்பரோடோ செய்யுங்கள். தனியாகப் போகும் முதல் தூரம் 50 கி.மீ.க்குள், மணிக்கொரு பஸ் ஓடும் சாலையில், காலை வெயிலில். அதற்கும் முந்தைய நாள் ஒரு பயிற்சி இருக்கிறது. பையே இல்லாமல் ஒரு பெரிய பெட்ரோல் பங்க்குக்குப் போய், ஐந்து ஓட்டுநர்களிடம் "எந்தப் பக்கம் போறீங்க?" என்று கேளுங்கள். ஒருவர் வண்டியிலும் ஏற வேண்டாம். ஐந்து பேருக்கும், முக்கியமாக மிகவும் நல்லவராகத் தெரிகிறவருக்கும், "நான் வேற பக்கம், நன்றி" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் வீடு திரும்புங்கள். ஐந்தாவது ஆளிடம் அதைச் சொல்லும்போது குரல் தடுமாறவில்லை என்றால் மறுநாள் பையை எடுக்கலாம். தடுமாறினால் இன்னொரு நாள் போய் இன்னும் ஐந்து பேரிடம் கேளுங்கள்.